கண்ணாடியைத் தள்ளியவர்

1878 வாக்கில் பம்பாயின் மிடில் கொலாபா பகுதியில், ஒரு பங்களா வளாகத்துக்குள் இரண்டு வாரம் ஒரு நீராவி எஞ்சின் ஓடியது. பகலில் மட்டும் ஓடியது. விறகு இல்லை, நிலக்கரி இல்லை. 72 முகம் பார்க்கும் கண்ணாடிகள், ஒரு பாய்லர், ஒரு எஞ்சின், அவ்வளவுதான். செய்தவர் வில்லியம் ஆடம்ஸ். பொறியியலாளர் இல்லை. பம்பாயில் ஆங்கிலேய அரசின் துணைப் பதிவாளர். கோப்புகளோடு வேலை செய்யும் மனிதர். அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்து வெயிலோடு விளையாடியவர் என்று சொல்லலாம்.

சூரிய சக்தியின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் ஆடம்ஸை இரண்டு பத்தியில் கடந்துவிடுவார்கள். எனக்கு அவரை விடவும் மனமில்லை, முழுசாக நம்பவும் மனமில்லை. வீட்டு முற்றத்தில் சூரியனைத் துரத்தும் கருவி கட்ட நினைக்கிற எல்லாருக்கும் அவர் ஒரு வகையில் தாத்தா. ஆனால் அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கையால் தள்ளிய இன்னொருவர் அங்கே இருந்தார். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

ஆடம்ஸ் முதலில் செய்தது சமையல் பெட்டி. உள்ளே கண்ணாடி பதித்த எட்டுப் பக்கக் குவிப்பான், நடுவில் பாத்திரம். ஜனவரி மாத வெயிலிலேயே ஏழு சிப்பாய்களுக்கான இறைச்சியும் காய்கறியும் இரண்டு மணி நேரத்தில் வெந்துவிட்டதாக எழுதினார். அவருடைய கவலை அன்றைய காலனி அதிகாரியின் கவலை. இந்தியாவில் விறகு குறைந்துகொண்டிருந்தது. பம்பாய்க்கு நிலக்கரி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. வெயிலோ காசில்லாமல் கொட்டியது. 1878இல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே வெப்ப நாடுகளில் எரிபொருளுக்குச் சூரிய வெப்பம் மாற்று என்பதுதான். பம்பாயின் சாசூன் நிறுவனம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

அவருக்கு முன்பே பிரான்சில் ஒருவர் இருந்தார். தூர் நகரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த ஒகுஸ்தென் மூஷோ. பெரிய கூம்பு வடிவக் கண்ணாடிப் புனலின் நடுவில் பாய்லரை நிறுத்தி, புனலையும் பாய்லரையும் சேர்த்தே சூரியன் பக்கம் திருப்புவார். 1878 பாரிஸ் கண்காட்சியில் வெயிலை வைத்துப் பனிக்கட்டி செய்து காட்டினார். அவருடைய உதவியாளர் ஆபெல் பிஃப்ர் 1882இல் பாரிஸ் தோட்டம் ஒன்றில் வெயிலால் ஓடும் அச்சு இயந்திரத்தை வைத்து ஒரு பத்திரிகையே அச்சடித்தார். பத்திரிகையின் பெயரும் ‘சூரியன்’தான்.

மூஷோவின் புனலைப் பெரிதாக்க முடியாது என்று ஆடம்ஸ் கண்டுகொண்டார். புனல் பெருத்தால் அதைத் திருப்பவே ஒரு எஞ்சின் வேண்டும். அதனால் பாய்லரை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தினார். 17 அங்குல நீளம், 10 அங்குல அகலம் கொண்ட சாதாரணத் தட்டைக் கண்ணாடிகளை ஒரு பெரிய சட்டத்தில் அடுக்கினார். ஒவ்வொன்றையும் பாய்லரைப் பார்க்கும்படி சாய்த்தார். பாய்லரைச் சுற்றி அரைவட்டமாகத் தடம் போட்டு, சட்டத்தை அதன்மேல் உருட்டினார். சூரியன் நகர நகர சட்டமும் நகரும். 20 அடி தூரத்தில் இருந்த மரக்கட்டை தீப்பிடித்தது. இன்று கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் இவான்பா என்ற இடத்தில் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி அமைப்புகள் மூன்று கோபுரங்களின் உச்சியை நோக்கி வெயிலை அனுப்புகின்றனவே, அதன் மூல வடிவம் இந்த கொலாபா முற்றம்தான்.

சட்டத்தை யார் உருட்டுவது? ஒரு கூலியாள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை நகர்த்தினால் போதும், அடிக்கடி நகர்த்தினால் இன்னும் நன்றாக இருக்கும் என்பது ஆடம்ஸின் கணக்கு. அந்த ஆளுக்குப் பெயர் இல்லை. என்ன மொழி பேசினார், எவ்வளவு கூலி, வெயிலில் எத்தனை மணி நேரம், எதுவும் இல்லை. கண்ணாடிக்கு அளவு இருக்கிறது, ஆளுக்கு இல்லை.

இந்த இடத்தில் இலக்கியக்காரர்கள் வழக்கமாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போவார்கள். எனக்குப் பெருமூச்சைவிடக் கணக்கு சௌகரியம்.

சூரியன் வானத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 15 பாகை நகர்கிறது. நிமிடத்துக்குக் கால் பாகை. அசையாத கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் அதே கால் பாகை நகரும். 20 அடி தூரத்தில் கால் பாகை என்பது சுமார் ஓர் அங்குலம். ஆக, சட்டத்தை நிறுத்தி வைத்தால் பாய்லர்மேல் விழுந்த வெளிச்சம் நிமிடத்துக்கு ஓர் அங்குலம் விலகிக்கொண்டே போகும். பாய்லர் 2 அடி அகலம் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். நடுவில் இருந்த வெளிச்சம் 12 நிமிடத்தில் ஓரத்துக்கு வந்துவிடும். ஒரு மணி நேரத்தில் 5 அடி தள்ளிப் போயிருக்கும். அப்புறம் அது பாய்லரை அல்ல, பக்கத்துச் சுவரைத்தான் சூடாக்கும்.

அதாவது எஞ்சின் பகல் முழுக்க ஓட வேண்டுமென்றால் அந்த ஆள் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வந்து தள்ளிவிட்டுப் போயிருக்க முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவையாவது தள்ளியிருக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஐம்பது தடவை. இடையில் எங்கேயும் போக முடியாது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. 72 கண்ணாடிகளின் மொத்தப் பரப்பு 85 சதுர அடி. அதில் உச்சி வெயில் முழுசாக விழுந்தாலும் 8 கிலோவாட்டைத் தாண்டாது. அந்தக் காலத்துச் சிறிய நீராவி எஞ்சின் அதில் பத்தில் ஒரு பங்கை வேலையாக மாற்றினாலே பெரிய விஷயம். எஞ்சின் 2.5 குதிரைத்திறன் என்று சொல்லப்படுகிறது. அது எஞ்சினின் தகுதியாக இருக்கலாம், முற்றத்தில் அது உண்மையில் கொடுத்தது ஒன்றைச் சுற்றித்தான் இருந்திருக்கும். ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு முழுநேர மனிதர்.

ஆடம்ஸ் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. தனக்குத் தெரியாத உழைப்பைக் குறைத்து மதிப்பிட்டார். மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற எல்லாருக்கும் வருகிற வியாதிதான், இன்றைய பொறியியலாளர்களையும் சேர்த்து.

அதே ஆண்டுகளில் பேராக்கில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால் கொஞ்சம் சிலிர்க்கும். 1874இல் பங்கோர் ஒப்பந்தம். 1877இல் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அதிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரு கிழட்டு மரம் இன்னும் அங்கே வேலிக்குள் நிற்கிறது. ஆடம்ஸ் பம்பாயில் வெயிலை நேராக எஞ்சினுக்கு ஏற்ற முயன்றபோது, ஈப்போவிலிருந்து சற்றே வடக்கில் வெயிலைப் பாலாக மாற்றும் மரம் வேர் விட்டுக்கொண்டிருந்தது. முதல் முயற்சி இரண்டு வாரத்தில் நின்றது. இரண்டாவது நம்மைக் கப்பலேற்றி வந்தது.

ரப்பர் மரமும் ஒரு வகைச் சூரியக் கருவிதான். ஆனால் தலைகீழ்க் கருவி. வெயில் ஏறினால் அதன் விளைச்சல் குறையும். விடிவதற்கு முன் இலைகள் நீரை வெளிவிடாத நேரத்தில் பட்டைக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அப்போது சீவினால் பால் ஓடும். வெயில் ஏற ஏற இலை நீரை இழுக்கும், அழுத்தம் இறங்கும், பால் வடிவது மட்டுப்படும். அதனால்தான் பெரட்டு இருட்டிலேயே நடந்தது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கினார்கள். “வெயிலுக்கு முந்தி ஓடணும்டா, வெயில் நம்மள முந்திருச்சுன்னா மங்குல பாலு இருக்காது” என்று பாட்டி சொல்வார். சூரியனைத் துரத்தும் கருவி என்று நான் எதைச் சொன்னாலும் அவர் சிரிப்பார். அவருடைய காலத்தில் சூரியன்தான் ஆளைத் துரத்தியது.

பெரட்டு மணி என்பதும் நேரான விஷயம் இல்லை. சூரியனைக் கடிகாரத்தை வைத்துப் பின்தொடரும் கருவி கட்டுகிற யாரும் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள்: நம் ஊரில் உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு? லகாட் 101 பாகை கிழக்கில் இருக்கிறது. 1905இல் மலாயாவுக்கு கிரீன்விச்சிலிருந்து 7 மணி நேரம் கூட்டிய நேரம் வந்தது. அப்போது இங்கே சூரியன் உச்சிக்கு வந்தது சராசரியாக 12:16க்கு. 1933இல் 20 நிமிடம் முன்னே தள்ளினார்கள், உச்சி 12:36 ஆனது. 1941 செப்டம்பரில் இன்னொரு பத்து நிமிடம், 12:46. ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம். மதியம் 2:16க்குத்தான் சூரியன் தலைக்கு மேல் வந்தது. அவர்கள் போனதும் திரும்ப 12:46. 1982 ஜனவரி 1ஆம் தேதி சபா, சரவாக்கோடு நேரத்தை ஒன்றாக்கினார்கள், அரை மணி நேரம் கூடியது. இப்போது உச்சிப்பொழுது 1:16. அதுவும் சராசரிதான். நவம்பர் தொடக்கத்தில் ஒரு மணிக்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் ஒன்றரை ஆகும்.

எண்பது ஆண்டுக்குள் ஐந்து தடவை கடிகாரம் மாறியது. சூரியன் ஒரு தடவைகூட மாறவில்லை, மரமும் மாறவில்லை. தோக்கியோ நேரத்தில் காலை 8 மணிக்குப் பிறகுதான் விடியும். மங்கு நிறைய வேண்டுமென்றால் தோக்கியோ சொன்னாலும் லண்டன் சொன்னாலும் விடிவதற்கு முன் நிரையில் நிற்க வேண்டும். மனிதர்களை எழுப்பிய மணி, ஆட்சி மாறும்போதெல்லாம் வேறு எண்ணைச் சொன்னது.

மின்சாரக் கதையும் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கில் மின்சாரம் ஒன்றும் புதுசு இல்லை. பேராக் ஆற்றின் செண்டரோ அணை 1930இலேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. மாலிம் நாவாரில் நீராவி மின்நிலையம் இருந்தது. அந்த மின்சாரம் முதலில் போனது ஈய லம்பங்களுக்கும் ஈயக்கப்பல்களுக்கும். தஞ்சோங் துவாலாங்கில் இன்றைக்குச் சுற்றுலா இடமாக நிற்கும் ஐந்தாம் எண் கப்பல் 1938இல் கட்டப்பட்டது. அத்தனை டன் இரும்பும் மின்சாரத்தில்தான் ஓடி மண்ணைத் தின்றது. கம்பிக்கு இந்தப் பக்கம் தோட்ட லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கு. பல தோட்டங்களில் பின்னால் ஜெனரேட்டர் வந்தது, சாயங்காலம் போடுவார்கள், ராத்திரி நிர்வாகம் சொல்லும் நேரத்துக்கு அணைப்பார்கள். எங்கள் அம்மா பரீட்சைக்குப் படித்தது அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள். ‘கரண்டு’ என்றால் அவர் தலைமுறைக்கு யாரோ ஒருவர் கையில் இருக்கும் சுவிட்ச்.

தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, கூரை மேல் ஒரு பலகையைப் போட்டுத் தானே மின்சாரம் எடுப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது. பில் குறைவதைத் தாண்டிய ருசி. அதைக் கேலி செய்யாதீர்கள்.

சரி, தள்ளுகிற ஆளை இல்லாமல் செய்தவர்களில் ஒருவரைப் பார்ப்போம். அமெரிக்கர் பிராங்க் ஷூமன். 1913இல் எகிப்தில் கெய்ரோவுக்குப் பக்கத்தில் மாடி என்ற ஊரில் (நம் வீட்டு மாடி இல்லை) அவர் கட்டிய நிலையம் இன்று பார்த்தாலும் நவீனமாகத் தெரியும். 62 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட ஐந்து கண்ணாடித் தொட்டிகள். வடக்கு தெற்காகப் படுத்து, காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு என்று புரளும். பரவளைய வடிவத்தைச் சொன்னவர் ஆங்கிலேய இயற்பியலாளர் சார்ல்ஸ் வெர்னன் பாய்ஸ். வெப்பத்தை உணர்ந்து இயங்கும் ஒரு அமைப்பு தொட்டிகளைத் தானாகவே திருப்பியது. நைல் தண்ணீரை நிமிடத்துக்கு 6,000 கேலன் இறைத்து வயலுக்குக் கொடுத்தது. பக்கத்தில் நின்று தள்ள ஆள் வேண்டாம்.

நல்ல செய்திதானே? பார்க்க வந்த பிரபு கிட்சனர் என்ன செய்தார் தெரியுமா, சூடானில் 30,000 ஏக்கர் பருத்தித் தோட்டம் தருகிறேன், அங்கே இதைக் கட்டு என்றார். கண்ணாடி தள்ளும் கூலி மிச்சமானது, அந்த மிச்சம் பருத்தி பறிக்கும் கூலிகளுக்குத் தண்ணீராகப் போகவிருந்தது. 1914இல் போர் வந்தது, பொறியாளர்கள் ஊர் திரும்பினார்கள், தொட்டிகள் பழைய இரும்பாகின. 1918இல் ஷூமன் இறந்தார். பிறகு எண்ணெய்க் காலம்.

ஆக, தானியங்கி என்பதாலேயே அது விடுதலை ஆகிவிடாது. கைவேலை என்பதாலேயே அது அடிமைத்தனமும் இல்லை. இதற்கு இந்தியாவில் ஒரு சாட்சி இருக்கிறது. வோல்ஃப்காங் ஷெஃப்லர் என்பவர் 1980களில் ஒரு குவிப்பான் வடிவமைத்தார். அதன் குவிமையம் அசையாது. அடுப்பு சமையலறைக்குள் இருக்கும், வெளியே கண்ணாடித் தட்டு மட்டும் பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் மணிக்கு 15 பாகை சுழலும். சுழற்ற மின்சாரம் வேண்டாம் என்று எடைக்கல்லால் இயங்கும் ஊசல் கடிகாரத்தை, சைக்கிள் பாகங்கள் போல எங்கும் கிடைக்கும் சாமான்களை வைத்துச் செய்தார். கிராமத்துப் பட்டறையில் செய்துகொள்ளலாம் என்று வடிவத்தைத் திறந்தே விட்டார். 2002இல் திருமலை தேவஸ்தானச் சமையலறையில் இப்படி 106 தட்டுகள் வைத்து, நாளைக்குப் 15,000 பேருக்குச் சமைக்கும் அளவுக்கு நீராவி எடுத்தார்கள். இந்தத் தட்டு வகையில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். பகலெல்லாம் கடிகாரம் பார்த்துக்கொள்ளும். மறுநாளைக்காகத் தட்டைக் கிழக்குப் பக்கம் திருப்பி வைப்பது, பருவத்துக்குத் தகுந்தபடி வளைவை மாற்றுவது, இதற்கு ஒரு ஆள் வர வேண்டும். ஆள் வேலை ஐம்பது தடவையிலிருந்து ஒன்றிரண்டு தடவைக்கு இறங்கிவிட்டது, பூஜ்யத்துக்கு இறங்கவில்லை.

ஆரோவில் சமையல்கூடத்தின் கூரையில் இன்னொரு வழி. 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் அசையவே அசையாது. அதற்கு மேல் தொங்கும் பாய்லர் குழாய்தான் சூரியனுக்கு ஏற்ப நகரும். கனமானதை விட்டுவிட்டு லேசானதைத் திருப்பு. ஆடம்ஸ் இதைக் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

இனி நம் ஊருக்கு வருவோம். சூரிய மின்பலகை கண்ணாடிக் குவிப்பான் மாதிரி இல்லை. குவிப்பானில் ஒளி குறி தவறினால் எல்லாம் போச்சு. தட்டைப் பலகை அப்படியில்லை, கோணம் கொஞ்சம் தவறினாலும் மன்னிக்கும். 10 பாகை விலகினால் போவது ஒன்றரை விழுக்காடு. 30 பாகைக்கு 13. 60 பாகை விலகினால்தான் பாதி போகும். இதைப் பள்ளியில் கொசைன் என்று படித்திருப்பீர்கள், எதற்கு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், சூரியன் கிழக்கே எழுந்து தலைக்கு மேல் வந்து மேற்கே விழும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காற்றுமண்டலத்தை மறந்துவிடுவோம். தரையோடு படுக்கப் போட்ட பலகைக்கு அன்றைக்குக் கிடைக்கும் வெயில் 2 பங்கு. மோட்டார் வைத்து நொடிக்கு நொடி துரத்தினால் 3.14 பங்கு. பை வந்து உட்கார்ந்துகொள்கிறது பாருங்கள். இப்போது மோட்டாரைக் கழற்றிவிட்டு, காலை ஒரு நிலை, நடுப்பகல் ஒரு நிலை, மாலை ஒரு நிலை என்று மூன்றே நிலைகளில் கையால் திருப்பினால்? சரியாக 3 பங்கு. துரத்தும் மோட்டார் கொடுப்பதில் 95 விழுக்காட்டுக்கும் மேல், மூன்று தடவை எழுந்து போய்த் திருப்புகிற கை கொடுத்துவிடுகிறது.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை போதும் என்று ஆடம்ஸ் சொன்னது அவருடைய கண்ணாடிகளுக்குப் பொய். அவர் பார்த்தேயிராத நம் பலகைகளுக்கு அப்படியே உண்மை.

இணையத்தில் தமிழிலும் மலாயிலும் சூரியனைத் துரத்தும் கருவி செய்முறைகள் கொட்டிக் கிடக்கின்றன. இரண்டு ஒளியுணரிகள், நடுவில் ஒரு தடுப்பு, ஒரு பக்கம் நிழல் விழுந்தால் மோட்டார் மறுபக்கம் சுழலும். மூளைக்கு அர்டுயினோ பலகை. மோட்டாருக்கு வைப்பர் மோட்டார், மெங்லெம்பு பக்கம் பழைய இரும்புக்கடையில் கிடைக்கும். (வைப்பர் மோட்டாரில் இருப்பது பொதுவாக ஃபெரைட் காந்தம், அரிய மண் இல்லை. லகாட்காரனுக்கு இந்த வித்தியாசம் சும்மா தகவல் அல்ல. பக்கத்து புக்கிட் மேராவில் அரிய மண் ஆலை 1982இல் வந்தது, கதிரியக்கத் தோரியக் கழிவை விட்டுவிட்டு 1994இல் மூடப்பட்டது. 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் ஜெயித்த ஊர்மக்கள் அடுத்த ஆண்டே மேல்முறையீட்டில் தோற்றார்கள். ‘பசுமைத் தொழில்நுட்பம்’ என்ற சொல்லை எங்கள் பக்கம் கொஞ்சம் மெதுவாகத்தான் உச்சரிப்போம்.)

செய்முறை எல்லாம் சரிதான், ஆனால் வேற வானத்துக்கு எழுதியது. பலகையைத் தெற்குப் பார்த்துச் சாய்க்கச் சொல்வார்கள். லகாட் நான்கரை பாகை வடக்கில்தான் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுவாக்கில் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். சாய்வே வேண்டாம், ஷூமனின் தொட்டி மாதிரி வடக்கு தெற்காக ஒரு அச்சு இருந்தால் போதும். இரண்டு அச்சுக் கருவி பார்க்க ரோபோ மாதிரி அழகாக இருக்கும், ஆனால் இங்கே அந்த இரண்டாவது அச்சு டிசம்பர் உச்சிப்பொழுதில்கூட சுமார் 13 விழுக்காட்டுக்கு மேல் கூட்டித் தராது.

இதைவிட முக்கியம் மேகம். மேலே சொன்ன 2, 3, 3.14 எல்லாம் நேர் வெயிலுக்கு. கிந்தாவில் பல நாள் மதியம் மேகம் கட்டி, சாயங்காலம் இடியோடு மழை. மூடிய வானத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும், துரத்துவதற்கு எதுவும் இருக்காது. அப்போது பலகை படுத்துக் கிடந்தால்தான் அதிக வானம் பார்க்கும். ஒளியுணரிக்கு இது புரியாது. எந்த மேகத்தின் ஓரம் பளிச்சென்று இருக்கிறதோ அதை நோக்கி மோட்டாரை இழுக்கும், அடுத்த நிமிடம் இன்னொரு ஓரம். எடுக்கிற மின்சாரத்தில் ஒரு பங்கை இந்த அலைச்சலுக்கே செலவழிக்கும். கடிகாரம் வைத்த கருவிக்கு அலைச்சல் இல்லை, ஆனால் மழை கொட்டும்போதும் பிடிவாதமாக மேற்கே சாய்ந்து நிற்கும்.

மேகம் கட்டுகிறதா, கலைகிறதா என்று வாசலில் நின்று ஒரு பார்வையில் சொல்லக் கூடியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மழை வந்தால் மங்குப் பால் வீணாகும் என்று வாழ்நாள் முழுக்க வானம் பார்த்தவர்கள். அந்த அறிவை இரண்டு வெள்ளி ஒளியுணரியோடு ஒப்பிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதற்காக உழைப்பைப் புனிதமாக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். சீவுகிற கத்தியை ஒரு மோட்டார் வாங்கிக்கொள்ளும் என்றால் பாட்டி அன்றைக்கே கொடுத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார். ஐம்பது தடவை தள்ளுவதற்கும் மூன்று தடவை திருப்புவதற்கும் நடுவில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது. யாருடைய பாய்லருக்காகத் தள்ளுகிறோம் என்பதும் இருக்கிறது.

காசுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். பலகை விலை விழுந்துவிட்ட காலத்தில், மோட்டாரும் மின்னணுப் பலகையும் வாங்குகிற காசுக்கு இன்னொரு பலகையை வாங்கிக் கூரையில் போடுவதுதான் வீட்டுக்கு லாபம். இடம் இருந்தால் அதைச் செய்யுங்கள். ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் பெரிய நிலையங்கள் துரத்தும் அச்சுகளை வைப்பதற்கு அங்கே வானம் திறந்து கிடப்பது ஒரு காரணம், ஆயிரக்கணக்கான பலகைகளுக்குச் செலவைப் பிரித்துக்கொள்வது இன்னொரு காரணம். வீட்டில் ஒன்றிரண்டு பலகைதான், கூரையில் இடமும் இல்லை, முற்றம் இருக்கிறது என்றால் மட்டும் கையால் திருப்பும் சட்டத்துக்கு அர்த்தம் உண்டு. நல்ல வெயில் நாளில் இரண்டு பலகை மூன்றின் வேலையைச் செய்யும், அதுவும் காகிதக் கணக்கில். நிஜத்தில் அதைவிடக் குறைவு.

நான் கட்டியது இதைத்தான். இரண்டு இரும்புக் கால்கள், நடுவில் வடக்கு தெற்காக ஒரு குழாய், அதன் மேல் பலகை. பக்கவாட்டில் வளைத்த பட்டை இரும்பில் மூன்று ஓட்டை, ஒரு ஊசி. காகிதக் கணக்கு ஓரத்து ஓட்டைகளை 60 பாகையில் போடச் சொல்லும். தொடுவானத்துக்குப் பக்கத்து வெயில் சோனியானது, பலகை அவ்வளவு நிமிர்ந்து நின்றால் காற்றும் பிடிக்கும் என்பதால் 45இல் போட்டேன். முதல் நாள் ராத்திரியே கிழக்கு ஓட்டையில் ஊசியைக் குத்திவிட்டால் காலையில் எழுந்து ஓட வேண்டாம். 11:15 வாக்கில் நடு ஓட்டை, 3:15 வாக்கில் மேற்கு. 1982க்கு முன்பாக இருந்தால் 10:45, 2:45 என்று எழுதியிருப்பேன். மேகம் கூடிவிட்டால் மேற்கு ஓட்டைக்குப் போகவே வேண்டாம். நடுவிலேயே படுக்க விட்டுவிடலாம், மழையும் பலகையைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போகும்.